பாக்குக்கும் ஊமத்தைக்கும் ஒரே பூட்டு

போன மாதம் சித்தி மகள் போனில் கேட்டாள்: "அக்கா, ஜாதிக்காய்ப் பொடியைப் பால்ல ஒரு ஸ்பூன் போட்டுக் குடிச்சா நல்லாத் தூக்கம் வருமாமே? மூலிகைதானே, ஒண்ணும் செய்யாதுல்ல?"

தூக்கம் வரவைக்கும் என்றால் அது மூளையில் ஏதோ செய்கிறது. ஒன்றும் செய்யாது என்றால் தூக்கமும் வராது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நம்புகிறோம். அதே வீட்டில் கஞ்சா, அபின் என்று பேச்சு வந்தால் எல்லோர் முகமும் மாறிவிடும். மூலிகை என்றால் பயமில்லை, போதை என்றால் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்று இரண்டு பெட்டிகள் வைத்துக்கொண்டு, எல்லாச் செடிகளையும் இதிலோ அதிலோ போட்டுவிடுகிறோம்.

பழைய வைத்தியர்களிடம் இப்படி இரண்டு பெட்டிகள் இருக்கவில்லை. அபினும் ஊமத்தையும் கஞ்சாவும் அவர்களுடைய மருந்துப் பட்டியலிலேயே இருந்தன. அவற்றை லாகிரி வஸ்து, அதாவது மயக்கம் தரும் பொருள் என்றார்கள், நச்சை முறிக்கும் சுத்தி செய்யாமல் தொடாதே என்றார்கள், அளவோடு கொடுத்தார்கள். ஒரு செடி மருந்தா போதையா என்பது அதன் பெயரில் இல்லை. செடியின் எந்தப் பகுதி, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாள் என்பதில் இருக்கிறது. அது ஏன் அப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

காபியிலிருந்து ஆரம்பிப்போம்

மனதை மாற்றும் செடி நம் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. காலையில் டிகாக்‌ஷன் போடுகிறோமே, அதுதான்.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒன்றையொன்று அவை ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் சின்ன இடைவெளி உண்டு. ஒரு செல் அடுத்ததற்குச் செய்தி சொல்ல, அந்த இடைவெளியில் ஒரு வேதிப்பொருளைக் கொட்டுகிறது. இதற்கு நரம்புக் கடத்தி என்று பெயர். எதிர்ப்பக்கச் செல்லில் அதை வாங்கிக்கொள்ள ஒரு குழி இருக்கும். அது ஏற்பி. சாவியும் பூட்டும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடத்தி சாவி, ஏற்பி பூட்டு.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அது தன் பூட்டில் போய் உட்கார உட்கார நமக்கு அசதியும் தூக்கமும் வருகின்றன. காபியில் உள்ள காஃபீன் பார்ப்பதற்கு ஏறக்குறைய அடினோசின் மாதிரியே இருக்கும். பூட்டுக்குள் நுழைந்துவிடும், ஆனால் திருகாது. உடைந்த சாவி பூட்டில் மாட்டிக்கொண்டால் சரியான சாவியையும் போட முடியாது இல்லையா, அதே கதைதான். அசதி எங்கேயும் போய்விடவில்லை. அசதி என்ற செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

உடம்பு காஃபீனில் பாதியைக் கழிக்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் பாதி, இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கிறது. தினமும் குடித்தால் மூளை அடினோசினுக்கு இன்னும் கொஞ்சம் பூட்டுகளைச் செய்துகொள்கிறது. ஒரு நாள் ஏகாதசி விரதம் என்று காபியை விட்டால், அத்தனை பூட்டிலும் அடினோசின் ஏறி உட்காரும். அதுதான் அந்த மண்டை பிளக்கும் தலைவலி. இப்படிப் பழகிப்போவதும், விட்டால் உடம்பு கேட்பதும் காபியில் இருக்கிற மாதிரியே அபினிலும் இருக்கின்றன. அளவும் ஆபத்தும்தான் வேறு வேறு.

செடி இதையெல்லாம் நமக்காகச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூச்சியும் புழுவும் தன்னைத் தின்னாமல் இருக்கத்தான் அது காஃபீனையும் நிகோடினையும் செய்துகொள்கிறது. பூச்சியின் நரம்பும் நம் நரம்பும் பல இடங்களில் ஒரே வகைக் கடத்திகளைப் பயன்படுத்துவதால், பூச்சிக்கு வைத்த பொறி நம்மையும் தொடுகிறது. கசப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. இப்படிச் செடிகள் செய்யும், நைட்ரஜன் உள்ள இந்த வகைப் பொருட்களுக்கு ஆல்கலாய்டு என்று பெயர்.

இதுவரை மூன்று சொற்கள்தான்: சாவியான கடத்தி, பூட்டான ஏற்பி, செடி செய்யும் கள்ளச்சாவியான ஆல்கலாய்டு. இவை போதும்.

பாக்கு திறக்கிறது, ஊமத்தை அடைக்கிறது

வெற்றிலை போட்டுப் பழகாதவர் கல்யாண வீட்டில் கொட்டைப்பாக்கை மென்றால் என்ன ஆகும்? காது சூடாகும், நெற்றி வியர்க்கும், வாயில் எச்சில் ஊறும், நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும். "பாக்கு பிடிச்சுக்கிச்சு, தண்ணி குடு" என்பார்கள். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற ஆல்கலாய்டு செய்யும் வேலை அது.

அரிகோலின் நுழையும் பூட்டு அசிட்டைல்கோலின் என்ற கடத்திக்கு உரியது. எச்சில், வியர்வை, குடல் அசைவு, கண்மணியின் சுருக்கம், இதயத்தின் வேகம், மூளையில் கவனமும் ஞாபகமும் என்று பல வேலைகளுக்கு அசிட்டைல்கோலின் வேண்டும். அரிகோலின் அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிற சாவி. அதனால்தான் எச்சிலும் வியர்வையும் வருகின்றன, ஒரு சுறுசுறுப்பும் கூடவே வருகிறது. சுண்ணாம்பு வாய்க்குள் காரத்தன்மையைக் கூட்டி, ஆல்கலாய்டு கன்னத்தின் உட்தோல் வழியாகச் சட்டென இரத்தத்தில் இறங்க வழி செய்கிறது. வேதியியல் படிக்காமலே இந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருக்கும். ஆனால் புகையிலை இல்லாத வெறும் பாக்கும்கூட வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. பாரம்பரியம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

இப்போது ஊமத்தைக்கு வருவோம். வேலியோரம் வெள்ளையும் கருநீலமுமாகப் புனல் போலப் பூக்கும், முள்ளுக்காய் காய்க்கும், சிவனுக்குச் சாத்துவார்கள். வடமொழியில் இதற்கு உன்மத்தம் என்று பெயர். பித்துப் பிடித்த நிலைக்கும் அதே சொல்தான். இதில் அட்ரோபின், ஸ்கோபோலமைன் என்ற ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. பாக்கு திறக்கும் அதே பூட்டில் இவை உடைந்த சாவியாக மாட்டிக்கொள்கின்றன. அதனால் பாக்குக்கு நேர் எதிராக எல்லாம் நடக்கும். வாய் வறண்டுபோகும், வியர்வை நின்று உடம்பு கொதிக்கும், கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும், சிறுநீர் கட்டும், இதயம் படபடக்கும். மூளையிலும் அந்தப் பூட்டு அடைபடுவதால் எதிரில் இல்லாதவரோடு பேச்சு நடக்கும். இதைப் போதை என்று சொல்வதுகூடத் தவறு. நினைவும் அறிவும் குழம்பிப்போன ஆபத்தான நிலை அது. ஒரு செடிக்கும் பக்கத்துச் செடிக்குமே ஆல்கலாய்டு அளவு பெரிதாக மாறும் என்பதால் ஊமத்தையில் "கொஞ்சம்" என்று ஓர் அளவே கிடையாது.

ஆனால் இதே அட்ரோபின் உயிர் காப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர், எதிர்க்காற்றில் நின்று மருந்தடித்து, சட்டையெல்லாம் நனைந்து, வாயில் நுரை தள்ள விழுந்துவிட்டார். சில வகைப் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலினைக் கழித்துக்கட்டும் நொதியை முடக்கிவிடுகின்றன. சாவிகள் மலைபோலக் குவிந்து எல்லாப் பூட்டும் திறந்தே கிடக்கும். எச்சிலும் சளியும் நுரையீரலை அடைக்கும். பெரியாஸ்பத்திரியில் அவருக்கு ஊசிக்கு மேல் ஊசியாக அட்ரோபின் போட்டார்கள். டாக்டர் டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்ப்பார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார், திரும்பவும் ஊசி. சளிச் சத்தம் நின்றபிறகு, அந்த மனிதர் படுக்கை விரிப்பை விரலால் கிள்ளிக் கிள்ளி எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அவர் மனைவியிடம், "மருந்து வேலை செய்யுதும்மா, பயப்படாதீங்க" என்றார். வீட்டில் ஊமத்தைக் காயைத் தின்ற பிள்ளைக்கு வரும் அதே குழப்பம்தான் அந்த வார்டில் மருந்தின் பக்கவிளைவாக வந்தது.

இன்னொரு கதையும் சென்னையோடு சேர்ந்தது. ஊமத்தையைப் புகைத்தால் மூச்சிரைப்பு தணியும் என்பது நம் நாட்டில் பழைய கைவைத்தியம். 1802 வாக்கில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் வழியாக அது பிரிட்டனுக்குப் போனது. மூச்சுக்குழலைச் சுருக்குவதிலும் அசிட்டைல்கோலினுக்குப் பங்கு உண்டு. பூட்டை அடைத்தால் குழல் தளரும். இன்று சளி இருமல், மூச்சிரைப்புக்கு இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோபியம், அட்ரோபினைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்து. அந்த மாற்றம் எதற்கு? மூளையின் இரத்தக் குழாய்களுக்கு ஒரு காவல் உண்டு. எல்லாப் பொருளையும் அது உள்ளே விடாது. இரத்த-மூளைத் தடுப்பு என்பார்கள். அட்ரோபின் அதைத் தாண்டிவிடும், இப்ராட்ரோபியத்தால் அவ்வளவு எளிதில் தாண்ட முடியாது. நுரையீரலுக்குக் கிடைக்கும் பலன் அப்படியே இருக்க, பித்து மட்டும் வாசலில் நின்றுவிடுகிறது.

ஆக, ஒரே பூட்டை ஒரு செடி திறக்கலாம், இன்னொன்று அடைக்கலாம். மூளைக்குள் நுழைந்தால்தான் மனம் மாறும்.

கசகசாவும் அபினும் ஒரே செடி

குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவைப் பையில் வைத்துக்கொண்டு துபாய் போகாதே என்று சொல்லியிருப்பார்கள். அங்கே அதற்குத் தடை. நமக்கு வேடிக்கையாகத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. கசகசா அபின் செடியின் விதை. காய் பச்சையாக இருக்கும்போது தோலைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். விதையில் போதைச்சத்து மிக மிகக் குறைவு, காயின் தோலிலும் பாலிலும்தான் அது நிறைந்திருக்கிறது. குருமா சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் காலத்தில் போஸ்தக்காய் என்று நாட்டு மருந்துக்கடையில் விற்ற காய்ந்த காய்த்தோலை வேகவைத்த தண்ணீர் வேறு விஷயம்.

அபினின் முக்கிய ஆல்கலாய்டான, வலியை அடக்கும் மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் மருந்தாளர் செர்ட்யூர்னர், 1800களின் தொடக்கத்தில். இவ்வளவு கச்சிதமாக மூளையில் பொருந்தும் பூட்டு நமக்கு எதற்கு என்ற கேள்விக்கு 1975-இல் விடை கிடைத்தது. வலியைத் தணிக்க நம் உடம்பே இந்த மாதிரிச் சாவிகளைச் செய்துகொள்கிறது. கஞ்சாவுக்கும் இதே போல 1992-இல் உடம்பின் சொந்தச் சாவி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஆனந்தம் என்ற சொல்லை வைத்து அதற்கு ஆனந்தமைடு என்றே பெயர் வைத்தார்கள்.

அபின் சேரும் பூட்டுகள் மூச்சை நடத்தும் இடத்திலும் இருக்கின்றன. அங்கே அதிகமாகப் போனால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். பழையவர்கள் எல்லாம் அளவறிந்து கொடுத்தார்கள் என்று மொத்தமாகப் புகழ எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம். பம்பாய் ஆலைகளில் வேலைக்குப் போன பெண்கள், பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனது பதிவான வரலாறு. வறுமை அப்படிச் செய்ய வைத்தது. பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் அந்தக் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

குடலிலும் அந்தப் பூட்டு இருப்பதால்தான் அபின் வயிற்றுப்போக்கை நிறுத்தும். இன்று அதற்குத் தரும் லோபரமைடு மாத்திரை அதே பூட்டில்தான் வேலை செய்கிறது, வழக்கமான அளவில் மூளைக்குள் மட்டும் போவதில்லை. இன்ஹேலரில் பார்த்த அதே உபாயம்.

சர்ப்பகந்தி: கிடங்கைக் காலி செய்யும் வேர்

இதுவரை பார்த்தவை எல்லாம் பூட்டோடு விளையாடியவை. பூட்டையே தொடாமல் சாவிக்கொத்தைக் காலி செய்யும் செடி ஒன்று இருக்கிறது. சிவன் அமல்பொடி என்றும் பெயருள்ள சர்ப்பகந்தி. பீகார்ப் பக்கம் அதன் வேரைப் பைத்தியத்துக்கு மருந்து என்றே சொல்லி விற்றார்கள்.

1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், இந்த வேர் மனநோயில் வரும் கொந்தளிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். வெளியுலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் இரத்த அழுத்த நோயாளிகளிடம் பார்த்ததை ஒரு பிரிட்டிஷ் இதழில் எழுதியபிறகுதான் பரபரப்பானது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வேரிலிருந்து ரெசர்ப்பின் பிரிக்கப்பட்டது. 1950களில் மனநல மருத்துவமனைகளில் உண்மையாகவே பயன்பட்ட முதல் மருந்துகளில் அது ஒன்று.

அது என்ன செய்தது? செரோடோனின், டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய கடத்திகளை நரம்பு செல் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்கும். தேவைப்படும்போது பையைத் திறந்து கொட்டும். ரெசர்ப்பின் அந்தப் பைகளை நிரப்பும் கருவியை அடைத்துவிடுகிறது. பைக்குள் போக முடியாத கடத்தி வெளியே கிடந்து சிதைந்துபோகும். நெல்லை மூட்டை கட்ட விடாமல் மழையில் போட்ட மாதிரி. பைகள் காலியானபின் கொட்டச் செய்தி இல்லை. கொந்தளிப்பும் அடங்குகிறது, இரத்த அழுத்தமும் இறங்குகிறது. கிடங்கு திரும்ப நிரம்ப நாட்கள் பிடிப்பதால், மருந்தை நிறுத்தினாலும் விளைவு உடனே போகாது.

ஆனால் அமைதி ஒரு எல்லைக்கு மேல் போனால் என்ன ஆகும்? ரெசர்ப்பின் எடுத்த சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். இந்தக் கடத்திகளுக்கும் மனநிலைக்கும் தொடர்பு இருக்கிறது என்ற ஆராய்ச்சி வேகம் பிடித்ததில் அந்தக் கவனிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. "மனசை அமைதிப்படுத்தும்" என்று பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேர்தான் ஞாபகம் வரும். அமைதிக்கும் சோர்வுக்கும் நடுவில் இருக்கும் கோடு, கொடுக்கும் அளவில்தான் இருக்கிறது.

இரண்டு உரை

எங்கள் ஆச்சி வீட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு உரைகல் இருந்தது. நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் கல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுட்ட வசம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து உரைப்பார். வசம்பை வசம்பு என்று சொல்ல மாட்டார், "பேர் சொல்லாதது" என்பார். எத்தனை முறை இழுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஜாதிக்காய் இரண்டே உரை. யாராவது மூன்றாவது இழுத்தால் கையைத் தட்டிவிடுவார்.

கெட்டியான கொட்டையைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் என்ன ஒட்டும்? ஒரு பழுப்புக் கோடு. வீட்டுத் தராசில் காட்டாது. ஒரு டீஸ்பூன் பொடி என்பது சுமார் 2 கிராம். 5 கிராமைத் தாண்டினால் பெரியவர்களுக்கே குமட்டல், படபடப்பு, வாய் வறட்சி, பயம், குழப்பம் எல்லாம் வரும். அதுவும் உடனே வராது, சில மணி நேரம் கழித்துத்தான் வரும். இடையில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொள்பவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பொட்டலத்தில் பொடி வந்துவிட்டது. அந்தக் கல்லும் கையைத் தட்டிவிட்ட ஆச்சியும் கூட வரவில்லை.

ஆச்சியின் அளவு நுட்பமாக இருந்தது என்பதற்காகக் கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கச் சொல்லவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கல்லில் தொற்றும் கிருமி ஒரு காரணம், வசம்பில் உள்ள அசரோன் இன்னொரு காரணம். ஆச்சி இன்று இருந்தால் அவரிடமும் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், வல்லாரை, அமுக்கரா போன்ற மென்மையான செடிகள். இவை ஊமத்தை மாதிரி பூட்டில் பாய்ந்து உட்காருபவை அல்ல. அமுக்கராக் கிழங்கு மன அழுத்தத்தையும் தூக்கமின்மையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. அதை எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

கேட்க வேண்டிய இடம்

சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் நச்சுச் சரக்கு சேர்ந்தவற்றுக்கு இந்திய மருந்துச் சட்ட விதிகளில் தனிப் பட்டியலே இருக்கிறது. ஊமத்தையும் அபினும் அதில் உண்டு. அவை சேர்ந்த மருந்தின் மேலட்டையில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்று அச்சிட வேண்டும். வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள். படித்த சித்த மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்பதே வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். அதே மாதிரி, ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் கேட்கும்போது சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். தூக்கம் தரும் செடியும் மயக்க மருந்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிள்ளைகள் ஊமத்தையையோ தெரியாத காயையோ தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், அந்தச் செடியில் ஒரு கிளையையும் ஒடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சித்தி மகளிடம் நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்டேன்: "கடைசிக் காபி எத்தனை மணிக்கு?" ஆபீஸ் விட்டு வந்ததும், ஆறரை மணிக்கு, ஸ்ட்ராங்காக இரண்டு டம்ளர் என்றாள். ஜாதிக்காயைப் பாயசத்துக்கு வைத்துக்கொள், அந்தக் காபியை மட்டும் இரண்டு வாரம் விட்டுப் பார், அப்பவும் தூக்கம் வரலைன்னா டாக்டரைப் பார் என்றேன். மூன்றாம் நாளே போன் வந்தது. சாயங்காலம் ஆனால் தலை விண்விண் என்று தெறிக்கிறது, ஆனால் பத்து மணிக்கே கண்ணைச் சுழற்றுகிறது என்றாள்.